தசாவதாரமும் டார்வினும்

(கொல்கத்தாவில் நடைபெற்ற நமது சங்க உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆவணி அவிட்டம் முடிந்து பத்து நாள்தான் ஆகிறது. இந்த நேரத்தில் நாத்திகத்தைப் பற்றியும் டார்வினைப் பற்றியும் பேச வேண்டும் என்று செயலாளர் சொன்னபோது, "ஏன் ஸார், நல்லதாக ஒன்றும் கிடைக்கவில்லையா?" என்றுதான் கேட்டேன். "நம்ம பசங்க கேக்கற கேள்விக்கு நாம யாரும் பதில் சொல்றதில்லை. நீங்களாவது சொல்லுங்கோ" என்றார். பதில் இருக்கிறது என்று சொல்லி நான் வரவில்லை. கேள்வியைச் சரியாகக் கேட்டுக்கொள்ளலாமே என்றுதான் வந்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் விஞ்ஞானி இல்லை. வேதாந்தத்தை குருமுகமாகப் பாடம் கேட்டவனும் இல்லை. முப்பத்தைந்து வருஷம் கணக்குத் தணிக்கையில் காலம் தள்ளியவன். ஒரு பதிவைப் பார்த்தால் "இதற்கு வவுச்சர் எங்கே?" என்று கேட்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த வித்தை. அந்த வித்தையை வைத்துக்கொண்டுதான் இன்று பேசப் போகிறேன்.

நான் செய்த தப்பு

என் மகன் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது கேட்டான்: "அப்பா, மனுஷன் குரங்கு மாதிரி ஒரு பிராணியிலேர்ந்து வந்தான்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. அப்போ பிரம்மா படைச்சார்ங்கறது?"

எனக்கு ஒரு நிமிஷம்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நம்மில் பலரும் சொல்லும் பதிலைச் சொன்னேன். "டார்வின் இப்போதான் சொன்னார். நாம எப்பவோ சொல்லியாச்சு. மத்ஸ்யம், தண்ணியில. கூர்மம், தண்ணியிலும் தரையிலும். வராஹம், தரையில. நரசிம்மம், பாதி மிருகம் பாதி மனுஷன். வாமனன், குள்ள மனுஷன். அப்புறம் கோடரி எடுத்த பரசுராமர். அப்புறம் முழு மனுஷன் ராமர். பரிணாமம்தானே இது?" பையனுக்கு ஒரே சந்தோஷம். பள்ளியில் நடந்த கட்டுரைப் போட்டியில் இதையே எழுதிப் பரிசும் வாங்கி வந்தான். நானும் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

கல்லூரியில் உயிரியல் படிக்கப் போனான். இரண்டாம் வருஷம் லீவில் வந்தபோது என் எதிரில் உட்கார்ந்து, கோபமே இல்லாமல் சொன்னான்: "அப்பா, நீங்க சொன்ன தசாவதாரக் கணக்கு தப்புப்பா." ஏன் தப்பு என்று கால் மணி நேரம் விளக்கினான். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அப்போ மத்ததெல்லாம்?"

மற்றதெல்லாம் என்றால் என்ன? சந்தியாவந்தனம், ச்ராத்தம், கோவில், கர்மா, பகவான். ஒரு கம்பெனியில் ஒரு போலி வவுச்சர் அகப்பட்டால் நான் என்ன செய்வேன்? அந்த வருஷத்து வவுச்சர் அத்தனையையும் சந்தேகத்தோடு எடுத்துப் பார்ப்பேன். என் பிள்ளையும் அதைத்தான் செய்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போலி வவுச்சரைக் கொடுத்தவன் நான்தான்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

தசாவதாரத்தையும் பரிணாமத்தையும் முடிச்சுப் போடுவது நம் பூர்வாசாரியர்கள் யாரும் சொன்ன வியாக்கியானம் இல்லை. டார்வினின் நூல் வெளிவந்தது 1859-ல். அதற்குப் பிறகுதான் இந்தப் பேச்சு பிறந்தது. தியாசபிகல் சொஸைட்டியை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் 1877-ல் எழுதிய புத்தகத்தில் இது வருகிறது. 1882-ல் இதே கல்கத்தாவில் பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சேனர் ஒரு பிரசங்கத்தில் அவதார வரிசையைப் படிப்படியாக உயரும் சிருஷ்டிக்கு உவமையாகச் சொன்னார். வெள்ளைக்காரன் நம் புராணங்களைப் பார்த்துச் சிரித்த காலம் அது. "சிரிக்காதே, உன் விஞ்ஞானம் இங்கேயே இருக்கிறது" என்று பதில் சொல்ல ஒரு அவசரம் இருந்தது. அவர்கள் மனசு புரிகிறது. ஆனால் கணக்கு சரியாக வரவில்லை.

ஏன் சரியில்லை? என் பிள்ளை சொன்னதையே சுருக்கிச் சொல்கிறேன்.

முதலாவது, வரிசை. ஸ்ரீமத் பாகவதத்தின் முதல் ஸ்கந்தத்தில் இருபத்திரண்டு அவதாரங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் முதலில் வருபவர்கள் சனகாதி குமாரர்கள். வராஹம் இரண்டாவது. மத்ஸ்யம் பத்தாவது. கூர்மம் பதினொன்றாவது. பரிணாமத்தைச் சொல்வதுதான் நோக்கம் என்றால் வியாஸர் இப்படியா அடுக்கியிருப்பார்? நமக்கு வசதியான பட்டியலை எடுத்துக்கொண்டு, வசதியில்லாததை மூடி வைத்துவிட்டோம். தணிக்கையில் இதற்கு வேறு பெயர் உண்டு.

இரண்டாவது, பரிணாமம் ஏணி இல்லை, மரம். மீன் ஏறி ஆமையாகி, ஆமை ஏறிப் பன்றியாகி, பன்றி ஏறி மனிதனானதாக எந்த உயிரியல் புத்தகமும் சொல்லவில்லை. ஆமை ஒரு தனிக் கிளை. பன்றியும் நாமும் 8 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பிரிந்த இரண்டு கிளைகள். டார்வினின் நூலில் இருக்கும் ஒரே படமும் கிளை பிரியும் படம்தான்.

ஹௌராவில் சிப்பூர் தாவரவியல் தோட்டத்துப் பெரிய ஆலமரத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நடுத் தண்டு பூஞ்சை பிடித்துப்போனதால் 1925-லேயே அதை அகற்றிவிட்டார்கள். இன்று நிற்பதெல்லாம் விழுதுகள்தான். எது நடு, எது உச்சி என்று சொல்ல முடியாது. உயிர்களின் கதையும் ஏறக்குறைய அப்படித்தான். மனிதன் அந்த மரத்தின் ஒரு விழுது. சுமார் 3 லட்சம் ஆண்டுகளாகத்தான் நாம் இருக்கிறோம். மீன்களோ 50 கோடி ஆண்டுகளாக இருக்கின்றன.

மூன்றாவதுதான் முக்கியம். பரிணாமத்துக்கு இலக்கு என்று ஒன்று கிடையாது. பிறக்கும் குட்டிகளுக்குள் சின்னச் சின்ன வித்தியாசங்கள், அதில் அந்தந்தச் சூழ்நிலைக்குப் பொருந்தியது அதிகம் பிழைத்து அதிகம் சந்ததி விடுகிறது, அவ்வளவுதான். அவதாரம் என்பதற்கு அடிப்படையே ஒரு நோக்கத்தோடு இறங்கி வருவது. ஒன்று நோக்கமே இல்லாமல் நடப்பது, மற்றது நோக்கத்துக்காகவே நடப்பது. இரண்டையும் ஒன்று என்று சொன்னால், டார்வினுக்கும் அநியாயம், பெருமாளுக்கும் அநியாயம்.

கல்கத்தா பார்த்த மூவர்

இந்த ஊரில் இருந்துகொண்டு இந்த விஷயத்தைப் பேசும்போது மூன்று பேரைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஒருவர் சுவாமி விவேகானந்தர். 1890-களின் கடைசியில் அலிப்பூர் மிருகக்காட்சி சாலைக்குப் போனார். அங்கே கண்காணிப்பாளராக இருந்த ராமபிரம்ம ஸன்யால் விலங்கியலில் கைதேர்ந்தவர். அவர் டார்வினைப் பற்றிக் கேட்க, சுவாமிஜி பேசினார். அவர் தசாவதாரத்துக்குப் போகவில்லை, கவனியுங்கள். மிருகங்கள் விஷயத்தில் டார்வின் சொல்வதை ஏற்றுக்கொண்டார். ஆனால் மனிதனுடைய உயர்வு பிறரை அழிப்பதால் வருவதில்லை, தியாகத்தால் வருகிறது என்று பதஞ்சலியின் யோக சூத்திரத்தைக் காட்டிச் சொன்னார். அதை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் எந்த எல்லை வரை விஞ்ஞானம், எங்கே வேறு கேள்வி தொடங்குகிறது என்று கோடு போட்டுப் பேசினார்.

இரண்டாமவர் மேகநாத் ஸாஹா. நட்சத்திரங்களின் ஒளியைப் படிக்க 1920-ல் ஒரு சமன்பாடு தந்து உலகப் புகழ் பெற்றவர். நாத்திகர். ஒரு தடவை சொந்த ஊர்ப்பக்கம் டாக்காவில் ஒரு வக்கீல் அவருடைய ஆராய்ச்சியைப் பற்றி விசாரித்தாராம். இவர் உற்சாகமாக விளக்க விளக்க, வக்கீல் நடுநடுவே, "இதில் என்ன புதுசு? எல்லாம் வேதத்தில் இருக்கிறதே" என்றாராம். ஸாஹா இதை 1930-களின் இறுதியில் ஒரு வங்காளிப் பத்திரிகையில் எழுதினார். பல வருஷம் வேதங்களையும் புராணங்களையும் தேடிப் படித்தும் இன்றைய விஞ்ஞானத்தை அங்கே காணவில்லை என்றும் எழுதினார். அந்த வாக்கியம் இன்றும் வங்காளத்தில் கேலிப் பழமொழியாக வழங்குகிறது. எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் அந்த வக்கீலின் முகத்துக்குப் பதில் என் முகம்தான் தெரிகிறது.

ஸாஹா ஏன் நாத்திகர் ஆனார் என்று கேட்டால், விஞ்ஞானத்தால் என்று சுலபமாகச் சொல்லிவிடுவோம். இன்னொரு விஷயமும் இருக்கிறது. அவர் பிறந்த குடும்பம் ஜாதியில் தாழ்ந்தது என்று கருதப்பட்டது. இங்கே ஈடன் ஹிந்து ஹாஸ்டலில் மாணவராக இருந்தபோது, அவரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடச் சில மாணவர்கள் மறுத்தார்கள். பகவானைப் பற்றிய வாதங்களைக் கேட்பதற்கு முன்னாலேயே பகவானுடைய பக்தர்களை அவர் பார்த்துவிட்டார். நம்முடைய சங்கத்துப் பத்திரிகையில் இதைச் சொல்லத்தான் வேண்டும். நாத்திகத்துக்கு ஆள் சேர்த்தது டார்வின் மட்டும் இல்லை. நாமும் சேர்த்திருக்கிறோம்.

ஒரு வேடிக்கை பாருங்கள். 1952-ல் அரசாங்கம் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு ஒன்றை அமைத்தபோது, தலைவராக வந்தவர் இதே ஸாஹா. செயலாளர் கல்கத்தாவின் நிர்மல் சந்திர லஹிரி. இன்று கம்ப்யூட்டரில் ஜாதகம் கணிப்பவர்கள் பெரும்பாலும் போடும் "லஹிரி அயனாம்சம்" அவர் பெயரில் வழங்குவதுதான். நாம் பொருத்தம் பார்க்கும் ஜாதகத்துக்குப் பின்னால் ஒரு நாத்திகர் தலைமை வகித்த குழுவின் உழைப்பும் இருக்கிறது!

மூன்றாமவர் ஹால்டேன். ஜே. பி. எஸ். ஹால்டேன் என்ற இங்கிலாந்துக்காரர். டார்வினின் கொள்கையையும் மெண்டலின் பரம்பரை விதிகளையும் கணிதத்தால் இணைத்த மூவரில் ஒருவர். பகிரங்கமான நாத்திகர். 1957-ல் லண்டனை விட்டு, பாரக்பூர் டிரங்க் ரோடில் இருக்கும் புள்ளியியல் நிறுவனத்துக்கு வேலைக்கு வந்தார். வேஷ்டி குர்த்தா கட்டினார். மாமிசத்தை விட்டார். இந்தியக் குடிமகன் ஆனார். நம் சாஸ்திரங்களை ஆர்வமாகப் படித்தார். பெரிய கருவிகள் இல்லாமலே நம் ஊரில் ஆராய்ச்சி செய்யலாம் என்று மாணவர்களுக்குக் காட்டினார். அவரோடு இருந்த ஒருவர் தென்னை மரங்களின் ஓலை இடப்புறம் சுழல்கிறதா வலப்புறம் சுழல்கிறதா என்று மரம் மரமாக எண்ணினார். 1964 டிசம்பர் 1-ஆம் தேதி புவனேஸ்வரத்தில் காலமானார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குப் போனது.

பரிணாமக் கொள்கையை எது பொய்யாக்கும் என்று ஒருவர் கேட்டதற்கு, உயிர்கள் தோன்றிய ஆதிகாலப் பாறையில் ஒரு முயலின் எலும்பைக் காட்டுங்கள், போதும் என்று அவர் சொன்னதாகப் பிரசித்தம். எதைக் காட்டினால் தான் தோற்றதாக ஒப்புக்கொள்வேன் என்று முன்கூட்டியே சொல்வதுதான் விஞ்ஞானத்தின் நேர்மை. தசாவதாரக் கணக்கில் நான் எதைக் கண்டால் தோற்றதாக ஒப்புக்கொண்டிருப்பேன்? எதைக் கண்டாலும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். அதனால்தான் அது விஞ்ஞானம் இல்லை.

பானையும் குயவனும்

இனி நம் பெரியவர்கள் பக்கம் வருவோம். "கடிகாரத்தைப் பார்த்தால் செய்தவன் ஒருவன் இருப்பான் என்று தெரிகிறது, உலகத்தைப் பார்த்தால் படைத்தவன் ஒருவன் இருப்பது தெரியவில்லையா?" இது 1802-ல் பேலி என்ற ஆங்கிலப் பாதிரியார் எழுதியது. டார்வின் உடைத்தது இந்த வாதத்தைத்தான். கண் போன்ற நுட்பமான உறுப்புகூட, வடிவமைப்பவன் இல்லாமலே, சிறுகச் சிறுக உண்டாகலாம் என்று வழி காட்டினார்.

நம்மிடமும் இதே வாதம் உண்டு. பானைக்குக் குயவன் போல உலகத்துக்கு ஈசுவரன் என்று நியாய சாஸ்திரக்காரர்கள் அனுமானம் செய்தார்கள். மிதிலையின் உதயனாசாரியர் இதற்காகவே நியாயகுஸுமாஞ்ஜலி என்ற நூலை எழுதினார். மீமாம்ஸகரான குமாரில பட்டர் அதற்கும் முன்பே இந்த வகை வாதங்களை மறுத்திருந்தார். படைத்ததை யார் பார்த்தது, படைக்க அவருக்கு என்ன தேவை, எந்த உடம்பைக் கொண்டு படைத்தார் என்று அடுக்கடுக்காகக் கேட்டார். அவர் நாத்திகர் இல்லை, வேதத்துக்காக வாழ்ந்தவர்.

எனக்கு உண்மையில் ஆச்சரியம் தந்தவர் ஸ்ரீபெரும்பூதூரில் பிறந்த ராமானுஜர். பகவானே கதி என்று இருந்தவர், பானை-குயவன் வாதத்தைத் தூக்கிப் பிடித்திருப்பார் என்றுதானே நினைப்போம்? ஸ்ரீபாஷ்யத்தில் மூன்றாவது சூத்திரத்துக்கு வியாக்கியானம் செய்யும்போது அதை அவரே உடைக்கிறார். பானையைச் செய்வதைப் பார்த்திருக்கிறோம். பூமியையும் சமுத்திரத்தையும் செய்வதை யாரும் பார்த்ததில்லை. செய்யப்பட்டது என்றே வைத்துக்கொண்டாலும், எல்லாம் ஒரே சமயத்தில் ஒருவராலேயே செய்யப்பட்டது என்று எப்படித் தெரியும்? பலர் சேர்ந்து செய்திருக்கலாமே? குயவனைப் போலச் செய்பவன் என்றால், குயவனைப் போல உடம்பும், குறைந்த அறிவும் அவனுக்கு இருக்க வேண்டுமே? ஆகவே அனுமானத்தால் பிரம்மத்தை நிரூபிக்க முடியாது. அதற்கு சாஸ்திரமே பிரமாணம் என்கிறார்.

இதில் "டார்வினுக்கு முன்னாலேயே ராமானுஜர்" என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் மறுபடியும் அந்த டாக்கா வக்கீலாகிவிடுவேன். ராமானுஜருக்குப் பரிணாமம் தெரியாது. அவர் வாதம் செய்தது பகவானை மறுக்க அல்ல. நான் சொல்வது சின்ன விஷயம். பேலியின் கடிகாரத்தை டார்வின் உடைத்தபோது, அந்தக் கடிகாரத்தின் மேல் தன் நம்பிக்கையைக் கட்டியவனுக்குத்தான் வீடு இடிந்தது. நம் ஆசாரியர்களில் பெரியவர்கள் அங்கே வீடு கட்டவே இல்லை. கட்டக் கூடாது என்று எச்சரித்தும் இருக்கிறார்கள். நாம்தான் அவர்களைப் படிக்காமல், சுலபமாகக் கிடைத்த பதிலை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தோம்.

நம் பழைய நூல்களில் நாத்திகனுக்கு ஆசனம் போட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்கும்போது பூதவாதியும் பேசுகிறான். சிவஞான சித்தியாரின் பரபக்கம் உலகாயதத்தோடுதான் தொடங்குகிறது. மாதவாசாரியரின் ஸர்வதர்சன ஸங்கிரகமும் சார்வாகனிலிருந்து தொடங்குகிறது. மறுப்பதற்காகத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் முதலில் பேச விட்டுத்தான் மறுத்தார்கள். நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பிள்ளை வாயைத் திறந்தால் "போதும், வாயை மூடு" என்கிறோமே, அது இந்த மரபு இல்லை.

கயிறும் பாம்பும்

பேலியின் கடிகாரம் போனால் போகட்டும். பரிணாமம் கேட்கும் இன்னும் கடினமான கேள்விகள் இரண்டு உண்டு. அவற்றைத் தாண்டிப் போனால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆகமாட்டேன்.

முதல் கேள்வி: தெய்வ நம்பிக்கையே பரிணாமத்தின் விளைவு என்றால்? இருட்டில் கயிற்றைப் பார்த்துப் பாம்பு என்று பயப்படும் உதாரணம் அத்வைதத்தில் நமக்குத் தெரிந்ததுதான். அதையே இன்றைய ஆராய்ச்சியாளர்கள் வேறு விதமாகத் திருப்புகிறார்கள். கயிற்றைப் பாம்பு என்று நினைத்து ஓடியவனுக்கு ஒரு நிமிஷம் நஷ்டம். பாம்பைக் கயிறு என்று நினைத்து மிதித்தவனுக்கு உயிரே நஷ்டம். ஆகவே பயந்து ஓடியவர்களின் சந்ததிதான் நாம். இலை அசைந்தால்கூட "அங்கே யாரோ இருக்கிறார்கள்" என்று நினைக்கும்படி நம் மூளை அமைந்துவிட்டது. இடியில், மழையில், வியாதியில் "யாரோ" ஒருவரைக் காண்பதும் அதனால்தான் என்கிறார்கள். டாக்கின்ஸ் 2006-ல் எழுதிய நூலிலும் இதைப் போன்ற வாதம் உண்டு.

இதற்கு என் பதில் பாதிதான். ஒரு நம்பிக்கை எப்படி வந்தது என்பது வேறு, அது உண்மையா என்பது வேறு. எண்ணும் திறமையும் பரிணாமத்தில்தான் வந்தது. அதனால் இரண்டும் இரண்டும் நாலு என்பது பொய்யாகிவிடாது. ஆனால் மறுபாதியையும் ஒப்புக்கொள்ள வேண்டும். "உலகத்தில் எல்லா ஜனங்களும் ஏதோ ஒரு தெய்வத்தை நம்புகிறார்கள், அதனால் தெய்வம் உண்டு" என்று இனிமேல் சொல்ல முடியாது. அந்த வவுச்சர் செல்லாது.

இரண்டாவது கேள்வி துன்பத்தைப் பற்றியது. வங்காளத்தில் இருப்பவர்களுக்கு தலசீமியா என்ற வார்த்தையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சில வாரங்களுக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றினால்தான் அந்தக் குழந்தைகள் உயிரோடு இருக்க முடியும். இந்தக் குறை ஏன் இவ்வளவு பேரிடம் இருக்கிறது? 1949-ல் ஹால்டேன் ஒரு யூகம் சொன்னார்: ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் இந்த மரபணு வந்தவர்களுக்கு மலேரியா அவ்வளவாகத் தாக்காது; அதனால் மலேரியா பிரதேசங்களில் இது நிலைத்துவிட்டது. பிற்கால ஆராய்ச்சிகள் அந்த யூகத்துக்கு வலு சேர்த்தன. மலேரியாவைக் கொசு பரப்பும் விதத்தை ரொனால்டு ராஸ் 1898-ல் பறவைகளைக் கொண்டு முழுமையாகக் கண்டறிந்ததும் இந்த ஊரில்தான், பி.ஜி. ஆஸ்பத்திரி சுவரில் நினைவுச் சின்னம் இருக்கிறது. அதாவது, ஆயிரம் பேரைக் காப்பாற்றிய அதே மரபணு, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் ஒரு குழந்தையைப் படுக்கையில் போடுகிறது. இதில் யாருடைய கோபமும் இல்லை, யாருடைய கருணையும் இல்லை. கணக்கு மட்டும்தான்.

பிரம்ம சூத்திரத்தில் இந்தக் கேள்வி நேராகவே வருகிறது: ஈசுவரனுக்குப் பாரபட்சமும் கொடுமையும் உண்டு என்று ஆகாதா? ஆகாது, அவரவர் கர்மாவை அனுசரித்தே பலன் தருகிறார் என்பது பதில். மழை எல்லாப் பயிருக்கும் பொதுவாகப் பெய்கிறது, நெல்லாவதும் வாற்கோதுமையாவதும் விதையைப் பொறுத்தது என்று சங்கரர் உவமை சொல்கிறார். தத்துவமாக இது பெரிய பதில். ஆனால் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாயிடம் போய் "உன் குழந்தையின் பூர்வ கர்மா" என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சொல்வது தர்மம் என்றும் தோன்றவில்லை.

ஆனால் ஒன்று செய்ய முடியும். மரபணுவைச் சுமக்கும் இருவர் மணந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு அபாயம். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை இதை முன்கூட்டியே சொல்லிவிடும். நம் பத்திரிகையின் கல்யாணப் பக்கத்தில் நட்சத்திரமும் கோத்திரமும் போடுகிறோம். ஜாதகத்தோடு அந்த ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் பரிமாறிக்கொள்ளுங்கள். இந்த உரையில் வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும்.

மூன்று பேரேடுகள்

அப்படியானால் சமயத்துக்கு என்ன மிச்சம்? நான் மூன்று பேரேடுகளாகப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உலகம் எப்படி நடக்கிறது என்பது முதல் பேரேடு. உயிர் எப்படி வந்தது, கிரகணம் எப்படி வருகிறது, வியாதி எதனால் என்பதெல்லாம் அதில் எழுதப்படும். தணிக்கை விஞ்ஞானத்தின் கையில். சாஸ்திரத்தின் பெயரால் அதில் பதிவு போட்டால், வவுச்சர் கேட்கும்போது முகத்தைச் சுளிக்கக் கூடாது.

எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது இரண்டாவது. டார்வின் இதில் ஒன்றும் எழுத முடியாது. இயற்கையில் வலுத்தது பிழைக்கிறது என்பதால், வலுத்தவன் இளைத்தவனை மிதிக்கலாம் என்று ஆகாது. ஆனால் சாஸ்திரத்தில் இருக்கிறது என்பதாலேயே ஒருவனைப் பந்தியிலிருந்து எழுப்புவது சரியாகவும் ஆகாது. இங்கே தணிக்கை மனசாட்சியின் கையில்.

மூன்றாவது பேரேட்டில் கேள்விகள்தான் அதிகம். ஏன் ஒன்றுமே இல்லாமல் இருக்காமல் ஏதோ ஒன்று இருக்கிறது? இதையெல்லாம் அறிகிற "நான்" யார்? போனவர்களுக்கு நான் பட்ட கடன் என்ன? இந்தப் பேரேட்டை யாரும் இதுவரை மூடிக் கையெழுத்துப் போடவில்லை. ஆத்திகனும் போடவில்லை, நாத்திகனும் போடவில்லை. நான் தினமும் சந்தியாவந்தனம் செய்வது இந்தப் பேரேட்டின் முன்னால் உட்கார்ந்துதான். பேரேடுகள் ஒன்றோடொன்று உரசும் இடங்களும் உண்டு. அங்கே சண்டை வரும். வரட்டும்.

நாமகிரித் தாயாரை நம்பிய ராமானுஜன் போன அதே கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரிக்குத்தான், தன்னை நாத்திகர் என்று சொல்லிக்கொண்ட சந்திரசேகரும் போனார். இங்கே பௌபஜார் தெருவில் உலகப் புகழ் பெற்ற கண்டுபிடிப்பைச் செய்த ஸி. வி. ராமன், தனக்குச் சடங்குகள் இல்லாத தகனம் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். மூவரையும் நம்மவர்கள் என்றுதான் நாம் சொல்லிக்கொள்கிறோம். பெருமைக்கு மட்டும் நம்மவர், நம்பிக்கைக்கு அந்நியர் என்று பிரிக்க முடியாது அல்லவா?

அப்புறம் என் பிள்ளை

"ஸார், உங்க பிள்ளை என்ன ஆனான்?" என்று நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். வேறு ஊரில் நல்ல வேலையில் இருக்கிறான். பூணூல் போட்டுக்கொள்வதில்லை. பல வருஷம் எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தப் பேச்சே இல்லை.

போன வருஷம் என் தகப்பனார் ச்ராத்தத்துக்கு வந்திருந்தான். எல்லாம் முடிந்து, சாஸ்திரிகள் கிளம்பிப் போன பிறகு கேட்டான்: "எனக்கு நம்பிக்கை இல்லை. நாளைக்கு உங்களுக்கு இதை நான் செஞ்சா அது பொய்தானேப்பா?"

மீமாம்ஸகர்கள் படைத்தவன் இல்லாமலே கர்மாவைச் செய்தார்கள், நீயும் செய்யலாம் என்று சொல்ல வாய் வந்தது. நிறுத்திக்கொண்டேன். அவர்களுக்கு வேதத்தில் அசையாத நம்பிக்கை இருந்தது, இவனுக்கு இல்லை. இன்னொரு போலி வவுச்சர் வேண்டாம். "தெரியலேடா. பொய்யாத் தோணினா செய்யாதே. நான் கோச்சுக்க மாட்டேன். ஆனா வருஷத்துல அந்த ஒரு நாள் எங்களை நெனச்சுக்கோ" என்றேன். முதல் தடவையாக அவன் கேள்விக்கு "தெரியாது" என்று பதில் சொன்னேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு நோட்டை எடுத்து, "தாத்தா, கொள்ளுத்தாத்தா, அதுக்கும் மேல, பாட்டிகள் பேரோட கோத்திரத்தோட சொல்லுங்கோ" என்றான். சொன்னேன். எழுதிக்கொண்டான். நோட்டை மூடிவிட்டு, "நம்பிக்கை வந்துடுத்துன்னு நெனச்சுக்காதீங்கோ. பேர் மறந்துடப்படாதுன்னுதான்" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அம்மா காபி கொண்டுவந்தாள், குடித்தோம்.

இங்கே வந்திருக்கும் பெற்றோர்களிடம் ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். "அப்போ மத்ததெல்லாம்?" என்று நாளைக்கு அவர்கள் கேட்கும்போது, நாம் சொன்னதில் கொஞ்சமாவது தேற வேண்டும்.